காத்திருப்பவன் காலத்துக்கு விலை இல்லையா?

நாம் ஐந்து நிமிடம் பிந்தினால் வண்டி நமக்காக நிற்காது. சீட்டின்றி ஏறினால் அபராதம்! ஆனால் வண்டியே நான்கு மணி நேரம் பிந்தினால்? "வருந்துகிறோம்" என்று ஒலிபெருக்கி ஓதும். அத்தோடு கணக்குத் தீர்ந்ததாம்!

தீரவில்லை என்றது உச்ச நீதிமன்றம். 2016 ஜூனில் ஜம்முவுக்குச் சென்ற வண்டி நான்கு மணி நேரம் பிந்தியது. ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட பயணி வழக்காடினார். தாமதம் கைமீறிய காரணத்தால் நேர்ந்தது என்று இரயில்வே மெய்ப்பிக்கவில்லை. எனவே 30,000 ரூபாய் இழப்பீடு உறுதியாயிற்று, ஆண்டு 2021!

ஐந்தாண்டு வழக்காட, அன்றாடங் காய்ச்சியால் ஆகுமா? சென்ட்ரல் நிலையத்தில் மூட்டைமீது தலைசாய்த்துக் காத்திருப்பவனுக்கு, ஒரு ஷிப்டு போனால் ஒருநாள் கூலி போயிற்று!

விதி இருக்கிறதே என்பர். வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்தி, பயணத்தையே கைவிட்டால் முழுக் கட்டணமும் திரும்பும். கடமைக்காகக் காத்திருந்து ஏறியவனுக்கோ காலணாவும் இல்லை!

வழியே இல்லையா? 2019இல் தொடங்கிய லக்னோ–டெல்லி தேஜஸ் வண்டிக்கு, ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்தினால் 100 ரூபாய், இரண்டு மணியைத் தாண்டினால் 250 ரூபாய் என்று அறிவித்தார்களே! குளிரூட்டிய பெட்டிக்குத் தோன்றிய நியாயம், பொதுப்பெட்டிக்கு ஏன் தோன்றவில்லை?

நாம் கேட்பது சலுகையல்ல, தோழர்களே! வழக்கின்றி, மனுவின்றி, எல்லா வண்டிக்கும் இழப்பீடு. தாமதத்துக்கு விலை வைத்தால்தான் தாமதம் குறையும்!