வேகம் மட்டும் போதாது

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஆனால் சம்பளக்காரருக்கு எளிதில் எட்டும் விளையாட்டா இது?

குண்டையே எடுத்துக்கொள்வோம். 5.6 மில்லிமீட்டர் ஈயக் குண்டு. எடை சுமார் 2.6 கிராம். வேகம் கூடக்கூட நல்லது என்பது பலரின் எண்ணம். உண்மை வேறு. ஒலியை மிஞ்சிப் புறப்படும் குண்டு, வழியில் வேகம் தணிந்து அந்த எல்லையைக் கடக்கையில் அலைக்கழிகிறது. ஆகவே போட்டிக் குண்டின் வேகத்தை ஒலிக்குச் சற்றுக் கீழேயே வைக்கிறார்கள். பத்துப் புள்ளி வட்டமோ 10.4 மில்லிமீட்டர்தான்!

ஒரே ஆலைக் குண்டானாலும் ஒரு தொகுதி ஒரு குழலுக்கு ஒத்துவரும், அடுத்தது வராது. சுட்டுப் பார்த்துத்தான் தேற வேண்டும். அதற்கே பெட்டி பெட்டியாகத் தீரும். பதக்கம் வந்தபின் லட்சக்கணக்கில் பரிசளிக்கும் சர்க்கார்கள், தேசிய அணிக்கு வெளியே நிற்கும் குமாஸ்தா வீரருக்கு இந்தச் சோதனைக் குண்டுகளையாவது முன்கூட்டியே கொடுத்தால் என்ன?