வண்டி வைத்தியம்: டர்போ வாயில் ஆயில் கசிகிறதா?

தாண்டிக்குடியில் இருந்து மாமா போன் செய்தார். "மாப்ளே, ஜீப்புல டர்போ போயிடுச்சாம். புதுசு மாத்தணுமாம். அம்பதாயிரம் ஆகும்னு சொல்றாங்க. என்னடா செய்ய?"

மாமாவின் ஜீப் ஃபோர் வீல் டிரைவ் டீசல் வண்டி. மலைவாழையையும் காபிக்கொட்டையையும் தோட்டத்துக்குள் இருந்து ரோட்டுக்குக் கொண்டுவருவது அதுதான். ராத்திரியில் பக்கத்து வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால், வத்தலக்குண்டுக்கு இறக்கிக்கொண்டு போவதும் அதுதான். அதை நிறுத்திவைக்க முடியாது. கையில் இருந்ததோ, மகளின் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்து வைத்த பணம்.

"டர்போ போச்சுன்னு எதை வச்சு மாமா சொன்னாங்க?"

"பானெட்டைத் திறந்து பார்த்தாங்க. ஏர் ஃபில்டர்ல இருந்து டர்போவுக்குப் போற ஹோஸ் ஓரத்துல எல்லாம் ஆயில். அதை வச்சுத்தான்."

"நீலப் புகை வருதா? இழுவை குறைஞ்சிருக்கா? புதுசா ஏதாவது விசில் சத்தம்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆயில் மட்டும் குறையுது. நான்தான் அப்பப்ப ஊத்திக்கிட்டு இருக்கேனே!"

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும், பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன்.

டர்போ என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இன்ஜினில் இருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே ஷாஃப்ட்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல்கூடப் போகும் அந்த ஷாஃப்ட், ஆயிலில் மிதந்துதான் சுழல்கிறது. மேலே ஒரு பைப்பில் ஆயில் வரும். கீழே இன்னொரு பைப் வழியாகத் தானாக இறங்கி இன்ஜினின் அடித்தொட்டிக்குப் போகும்.

அப்படியானால் காற்று போகும் ஹோஸில் ஆயில் எப்படி வந்தது? பெரும்பாலும் 'பிரீதர்' வழியாக. பிஸ்டன் ஓரமாகக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே நழுவும். அந்த வாயு ஆயில் ஆவியையும் சேர்த்துக்கொண்டு, பிரீதர் குழாய் வழியே டர்போவுக்கு முன்னால் உள்ள ஹோஸில் வந்து கலக்கும். தினமும் வடை சுடும் அடுக்களைச் சுவரில் பிசுக்குப் படிகிற மாதிரிதான். ஹோஸின் உள்ளே விரலில் ஒட்டும் அளவுக்கு மெல்லிய பிசுக்கு இருந்தால் அது நோய் இல்லை. சொட்டுகிறது, தேங்கி நிற்கிறது என்றால்தான் காரணம் தேட வேண்டும்.

தோட்டத்துக்குப் போய் நான் முதலில் கேட்டது டிப் ஸ்டிக்கை. மாமா வழக்கமாக ஜீப்பை நிறுத்தும் இடம் வீட்டுச் சரிவு. அங்கேயே ஆயில் அளவு பார்ப்பார். வண்டி சாய்ந்து நின்றால் ஆயிலும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுமே! குச்சியில் குறைவாகக் காட்டியது. மனுஷன் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். ஜீப்பைச் சமதளத்துக்குக் கொண்டுவந்து, இன்ஜினை நிறுத்திக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தோம். மேல் கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது ஆயில்.

ஆயில் அதிகமானால் கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரைக்க வைக்கும். ஆவி அதிகமாகிப் பிரீதரில் கொட்டும். டர்போவில் இருந்து இறங்க வேண்டிய ஆயிலும் சீக்கிரம் இறங்காமல் தேங்கி, சீலைத் தாண்டி வெளியே வரும். போதாததற்கு, ஏர் ஃபில்டர் தோட்டத்துப் புழுதியில் அடைத்துப் போயிருந்தது. ஃபில்டர் அடைத்தால் டர்போ இன்னும் பலமாக உறிஞ்சும். காற்று கிடைக்காதபோது ஆயிலை இழுக்கும்.

அடுத்து, ஆறிய இன்ஜினில் ஹோஸைக் கழற்றி டர்போ சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தேன். லேசாகச் சுழன்றது. பக்கவாட்டில் மிகக் கொஞ்சம் அசைவு இருக்கலாம். முன்னும் பின்னும் 'பிளே' கையில் தெரியக் கூடாது. இறக்கைகள் சுவரை உரசிய தடமும் இருக்கக் கூடாது. இரண்டும் இல்லை. டர்போ நல்லாவே இருக்கிறது.

அதிக ஆயிலை வடித்தோம். புது ஏர் ஃபில்டர், விறைத்து வெடித்திருந்த பிரீதர் ஹோஸுக்குப் பதில் புதுசு, டர்போ வாயில் புது ஓ ரிங், இரண்டு கிளாம்ப். உள்ளே தேங்கியிருந்த ஆயிலை பனியன் வேஸ்ட்டால் துடைத்தோம். இன்டர்கூலரையும் கழற்றி வடித்தோம். கசிவை அடைக்க சிலிக்கான் பேஸ்ட் அப்பும் வேலை மட்டும் வேண்டாம். அதில் ஒரு துண்டு பிய்ந்து உள்ளே போனால் சக்கரத்தைக் கெடுத்துவிடும். மொத்தச் செலவு 2,000 ரூபாய்க்குள்.

எல்லோருக்கும் இப்படியே முடியும் என்று சொல்லவில்லை. நீலப் புகை விடாமல் வருகிறது, சக்கரம் உரசுகிறது, சைரன் மாதிரி சத்தம் கேட்கிறது என்றால் டர்போவைக் கழற்றத்தான் வேண்டும். ஆயில் மூடியைத் திறந்தால் ஐடிலிலேயே புகை குபுகுபுவென்று வருகிறதா? பிரச்னை பிஸ்டன் ரிங்கில் இருக்கலாம். புது டர்போ போட்டும் கசியும்.

'கொஞ்சம் ஆயில்தானே' என்று விட்டும்விடாதீர்கள். நிறைய ஆயில் உள்ளே போனால், டீசல் இன்ஜின் அதையே எரித்துக்கொண்டு தாறுமாறாக ஓட ஆரம்பிக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கியர் வண்டியில் பிரேக்கை முழுக்க மிதித்து, டாப் கியர் போட்டு, கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் இன்ஜின் அடங்கும். முடியவில்லையா, எல்லோரையும் இறக்கி விலகி நில்லுங்கள். காற்று போகும் வாயில் கையை வைக்கவே கூடாது. மலைச்சாலையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாமாவிடம் இரண்டு பழக்கம் சொல்லி வந்தேன். ஒன்று, ஆயிலைச் சமதளத்தில்தான் பார்க்க வேண்டும். இரண்டு, மலையேறி வந்ததும் உடனே ஆஃப் செய்யாமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் டர்போவுக்குள் நிற்கும் ஆயில் கருகிப் படியும்.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. "துடைச்ச இடம் துடைச்ச மாதிரியே இருக்குடா மாப்ளே. பாப்பாவுக்கு ஃபீஸும் கட்டியாச்சு."

"ஆயில் பார்த்தீங்களா மாமா?"

"பார்த்தேன். கோயில் வாசல்ல நிறுத்தித்தான் பார்த்தேன். ஊருக்குள்ள அந்த ஒரு இடம்தானே சமமா இருக்கு!"