தராசில் மட்டுமா அளவு மோசடி?



கடைத் தராசுக்குத் தவறாமல் முத்திரை வைக்கிறீர்கள். எடையில் ஒரு கிராம் கூடக் குறைப்பதில்லை. 'என் வியாபாரம் சுத்தம்' என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அளவு மோசடி தராசுத் தட்டில் மட்டும்தானா நடக்கிறது? சற்றே சிந்தியுங்கள்.

திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயத்துக்கு அளவில் குறைப்போரின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. தான் வாங்கும்போது நிறைய வாங்கிக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களை அது எச்சரிக்கிறது. தனக்கு ஓர் அளவு, அடுத்தவருக்கு வேறோர் அளவு. குற்றத்தின் வேர் இதுதான்!

நம் பல்லடத்தையே பாருங்கள். 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில், கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறியாளர்களுக்கு சோமனூர் ரகத்தில் 23 சதவீதம், பல்லடம் ரகத்தில் 20 சதவீதம் கூலி உயர்வு என்று முடிவானது. அந்தக் கூலி கைக்கு வரவில்லை. 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நின்றன. வாரக்கணக்கில் அடுப்பு அணைந்த பிறகு, அதைவிடக் குறைந்த உயர்வுக்கே அவர்கள் இணங்க வேண்டியதாயிற்று. நூல் விலை ஏறியது உண்மைதான். ஆனால் விலை ஏறினால் கொடுத்த வாக்கு இறங்கிவிடுமா?

'அது பெரிய ஜவுளிக்காரர்கள் விவகாரம்' என்று ஒதுங்காதீர்கள். பெட்டியில் பணம் இருக்கும்போதே கூலித் தறிக்காரரை 'அடுத்த வாரம் வாங்க' என்று அனுப்புகிறோமே, அது என்ன? பதிவு பெற்ற சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. இரண்டாம் தரச் சரக்கை முதல் தரத்தின் நடுவே செருகுவது? மொழி தெரியாத வடமாநிலத் தொழிலாளியின் கூடுதல் நேரத்தைக் கணக்கில் விடுவது? எல்லாமே அளவு மோசடிதான்!

இளைஞர்களே! தவறு ஒருபோதும் தவறு என்ற பெயரோடு கடைக்குள் நுழையாது. 'எல்லாரும் செய்வதுதானே', 'அவனுக்குத் தெரியவா போகிறது', 'வியாபாரம்னா அப்படித்தான்' என்ற பெயர்களில்தான் நுழையும். இந்த மூன்றில் ஒன்று நாவில் வந்தால் கையை நிறுத்துங்கள். எதிரே நிற்பவரின் இடத்தில் நின்று பாருங்கள். உங்களுக்கு அப்படிச் செய்தால் பொறுப்பீர்களா? செய்ததை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியுமா? முடியாதென்றால் அது வியாபாரமல்ல.

வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு எதிராக, மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரித்திருப்பதை நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துள்ளார்கள். அந்த வழக்கில் வாதாட எந்த வக்கீலைப் பிடிக்கப் போகிறோம்?

இன்றிரவு கடையைப் பூட்டுமுன் பேரேட்டைப் புரட்டுங்கள். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதுங்கள். விடிந்ததும், அவர் தேடி வருமுன் நீங்கள் தேடிப் போய்க் கொடுங்கள். நேர்மையான வியாபாரிகளாக வாழ அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக!