கேட்கிறது, கேட்பாரில்லை

எம்மிடம் பௌதிகம் பயின்ற மாணவரொருவர் இப்பொழுது கனடாவிலே, ரொறன்ரோ நகரிலிருந்து அமெரிக்காவுக்குச் சரக்கேற்றிச் செல்லும் பெரிய லொறியொன்றின் சாரதியாக இருக்கின்றார். சென்ற மாதம் அவரிடமிருந்து நீண்ட செய்தியொன்று வந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் மூடுபனி சூழ்ந்த ஓரிரவு, நெடுஞ்சாலையிற் குறுக்காக நின்றுவிட்ட லொறியொன்றை மயிரிழையில் விலகிக் கடந்தாராம். பின்னால் வருவோரை எச்சரிக்க வேண்டித் தமது சி.பி. வானொலியை எடுத்துப் பலமுறை கூவினார். மறுமொழி ஒன்றேனும் வரவில்லை. "சேர், மற்றவர்கள் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்கிறது. நான் பேசுவதுதான் ஒருவருக்கும் கேட்கிறதில்லை. வேறு கருவி வாங்கட்டுமா?" என்று வினாவியிருந்தார்.

வாங்கவேண்டாம் என்று அன்றே எழுதினோம். ஏன் அவ்வாறு எழுதினோமென்பதை நேயர்களுக்கும் கூறுவது நன்றெனத் தோன்றுகிறது. அந்நாட்டு வீதிகளில் இன்று நம் பிள்ளைகள் பலர் லொறி ஓட்டுகின்றனர்.

கைத்தொலைபேசி இருக்கையில் இப்பழங்கருவி எதற்கு என்று கேட்போர் உளர். தொலைபேசி நாம் இலக்கம் அறிந்த ஒருவரை அழைக்கும். பின்னால் ஒரு மைல் தொலைவில் விரைந்து வருபவரின் இலக்கம் நமக்கு எங்ஙனம் தெரியும்? 2022ஆம் ஆண்டு மார்ச் 28ஆந் திகதி அதே பென்சில்வேனியாவில், 81ஆம் இலக்க நெடுஞ்சாலையிலே, திடீரென வீசிய பனிப்புயலிற் கண் தெரியாது சுமார் 80 வாகனங்கள் ஒன்றோடொன்று மோதின. 6 பேர் மாண்டனர். இத்தகைய வேளையில் அறியாதாரை அழைப்பதற்கே சி.பி. வானொலி வேண்டும்.

அமெரிக்க அரசு 1958இல் 27 மெகாஹேட்ஸ் வட்டாரத்தைப் பொதுமக்கள் பேச்சுக்கெனத் திறந்துவிட்டது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, எரிபொருள் எங்குண்டு, பொலிசார் எங்கு நிற்கின்றனர் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள லொறிச் சாரதிகள் இதனைப் பற்றிக்கொண்டனர். 1977 முதல் அலைவரிசைகள் 40. அவற்றுள் 9ஆவது ஆபத்துக்குரியது. 19ஆவது வழக்கத்தாற் சாரதிகளுக்குரியதாயிற்று. தனியாள் உத்தரவுப் பத்திரம் வேண்டியதில்லை.

கருவியைத் தேர்வதில் அதிகம் மயங்கவேண்டாம். சட்டம் அனுமதிக்கும் வலு சாதாரணப் பேச்சுக்கு 4 உவாற்று மாத்திரமே. மலிவான கருவிக்கும் அதுவே, விலையுயர்ந்ததற்கும் அதுவே. 2021இல் எஃப்.எம். முறையும் அனுமதிக்கப்பட்டதாயினும், வீதியிலே பேச்சு பெரும்பாலும் பழைய ஏ.எம். முறையில்தான். வானிலை அறிவிப்பைப் பெறும் வசதியிருப்பின் நன்று. சாரதிகளிடையே பேர்பெற்ற கோப்ரா 29 போன்றவற்றில் ஏரியலைச் சோதிக்கும் முள்ளும் உடனிருக்கும். குரலை எதிரொலிக்கச் செய்யும் அலங்காரங்களைத் திருவிழா ஒலிபெருக்கிக்காரருக்கு விட்டுவிடலாம். வலுவைப் பெருக்கும் பெட்டிகளோ சட்டவிரோதமானவை.

மிச்சம் பிடிக்கும் பணத்தை ஏரியலுக்குச் செலவிடுக. 27 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீற்றர். அதன் காற்பங்கு 9 அடி. ஆனால் பல மாநிலங்களில் லொறியின் உயரம் 13 அடி 6 அங்குலத்தைத் தாண்டலாகாது. ஆதலின் 9 அடி நீளத்துக்குரிய கம்பியைச் சுருளாகச் சுற்றி 4 அடித் தண்டில் அடக்கி, கண்ணாடி தாங்கும் இரும்பிற் பொருத்துவர். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். ஏரியலென்பது தண்டு மாத்திரமன்று. லொறியின் உலோக உடலும் அதன் மறுபாதியாகும். தாங்கியின் அடியிலே நிறப்பூச்சோ பிளாஸ்ரிக்கோ இடைநின்று மின்தொடர்பைத் தடுத்தால், பாதி ஏரியல் இல்லாதொழியும். அனுப்பிய வலு வெளியேறாமற் கருவிக்கே திரும்பும். கேட்பது ஓரளவு கேட்கும், பேசுவது போகாது. நெடுநாள் அவ்வாறு பேசினாற் கருவியும் எரியக்கூடும். ஏரியல் பூட்டாமற் பேசுவது அதனிலும் கேடு.

ஆதலால் நின்ற அலை விகிதம் காட்டும் மீட்டரொன்றை இரவல் பெற்று, வெளியான இடத்தில், கதவுகளை அடைத்து, வேறு லொறிகள் அருகில்லாத வேளையிற் சோதிக்குமாறு எழுதினோம். 1ஆவது அலைவரிசையிலும் 40ஆவதிலும் முள்ளைப் பார்க்கவேண்டும். 1.5க்குட்படின் மிக நன்று. 2 வரை பொறுக்கலாம். 3ஐத் தாண்டிற் பேசலாகாது. 1இல் அதிகமாயின் ஏரியல் குட்டை, சற்றே நீட்டுக. 40இல் அதிகமாயின் நெட்டை, சிறிது குறைக்க. இரண்டிலும் ஒருங்கே ஏறியிருப்பின் நீளத்தைத் தொடாது, தாங்கியையும் கேபிளையும் பார்க்க.

அன்பருக்கு இரண்டிலும் முள் 3க்கு மேல் நின்றது! தாங்கியைக் கழற்றியபோது, அடியிலே தடித்த பூச்சு. ஆணியைச் சுற்றிப் பிளாஸ்ரிக் வளையம். கடையிற் பூட்டியவர் அவசரக்காரர் போலும். பூச்சைச் சுரண்டி, பின்னற்கம்பியொன்றால் உடலோடு இணைத்தார். கருவிக்குரிய மின்கம்பிகளையும் புகைக்குழல் கொளுத்தும் துளையிலிருந்து நீக்கி, உருகியுடன் பற்றரியிலிருந்தே நேரே எடுத்தார். அந்நாட்டு லொறிகள் 12 வோல்ற்று; நம்மூர் லொறிகளிற் பல 24 ஆதலின், ஊரிலே தொழில் பழகியவர்கள் இதை மறத்தலாகாது.

இன்னுமொன்று எழுதினோம். இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் நிற்குமளவு மாத்திரமே திருப்புக. முற்றாகத் திருப்பினாற் காதுக்கு இனிமைதான். ஆனால் தூரத்தே கூவுபவரின் மெல்லிய குரலும் சேர்ந்து அடைபட்டுவிடும். அவ்விரவிலே அன்பரின் குரல் எட்டாமைக்கு ஏரியலே காரணம். எனினும் அருகிருந்தோர் பலர் குமிழை முற்றாகத் திருப்பியோ, கருவியை நிறுத்தியோ இருந்திருக்கவுங் கூடும்.

நேற்றுச் செய்தி வந்தது. 1இல் 1.6, 40இல் 1.5. எரிபொருள் நிரப்பும் தரிப்பிடத்திலிருந்து 19இல், "என் குரல் கேட்கிறதா?" என்று வினாவினாராம். 3 மைலுக்கு அப்பாலிருந்து ஒரு முதிய குரல், "தெளிவாகக் கேட்கிறது, தம்பி, பாலத்தின் மேற் பனி உறைந்திருக்கிறது, மெல்ல வா" என்ற கருத்திலே விடையிறுத்ததாம்.