ஏட்டில் ஏறாத கடன்

கடியப்பட்டணம் கடற்கரையில் மீன் வாங்கிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகும் பெண்ணைக் கேளுங்கள். அன்றைக்கு லாபமா, நஷ்டமா என்று மாலைக்குள் விரல் விட்டுச் சொல்லிவிடுவாள். வாங்கியது இவ்வளவு, விற்றது இவ்வளவு; கணக்கு தீர்ந்தது.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கணக்கு அப்படித் தீராது. நீங்கள் கட்டும் பிரீமியம் இன்றே வந்துவிடுகிறது. அதற்குப் பதிலாகக் கொடுக்கவேண்டிய பணமோ 20 வருஷம் கழித்துப் போகலாம். நாளைக்கே போகவும் நேரலாம். பெட்டியில் பணம் இருக்கிறதே என்று அதை லாபமாக எண்ணிவிட்டால் வந்தது மோசம்!

ஆகவே கணக்கைத் தணிக்கை செய்யும் ஆடிட்டர் முக்கியமாக இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும்.

முதல் கேள்வி: ஏட்டில் எழுதியிருக்கும் சொத்து உண்மையிலேயே இருக்கிறதா? 1954-55ல் பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பணம் சுமார் 2.2 கோடி ரூபாய் கையாடப்பட்டது. கம்பெனித் தலைவர் ராமகிருஷ்ண டால்மியா பங்குச் சூதில் பட்ட நஷ்டத்துக்கு அந்தப் பணம் போயிற்று. ஏட்டிலோ பத்திரங்கள் வாங்கியதாக எழுதியிருந்தது! 1962ல் சுப்ரீம் கோர்ட்டும் அவர் குற்றவாளியே என்று உறுதி செய்தது. பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் ஏட்டை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இரண்டாவது கேள்வி இன்னும் கஷ்டமானது: ஏட்டில் ஏறாத கடன் எவ்வளவு? 2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியது. கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. உடல் கிடைக்காவிட்டால், ஒருவர் இறந்தார் என்று கொள்ளச் சட்டம் பொதுவாக 7 வருஷம் காக்கச் சொல்கிறது. கம்பெனியோ மார்ச் 31-ந் தேதி கணக்கை முடித்தாகவேண்டும். மனுவே வராத அந்த வீட்டுக்கும் பணம் ஒதுக்கி வைக்கவேண்டாமா? அதை மதிப்பிட ஆக்சுவரி என்னும் கணித நிபுணர் இருக்கிறார். அவர் சான்றை ஆடிட்டர் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அவருக்குக் கொடுத்த விவரங்கள் சரிதானா என்று பார்க்கவேண்டும். குறைந்தது இரண்டு ஆடிட்டர்கள் சேர்ந்து தணிக்கை செய்யவேண்டும் என்பது இன்றைய விதி.

சரி, நம் வீட்டுத் தணிக்கை? பாலிஸி எந்த அலமாரியில் இருக்கிறது? யார் பெயரில் நியமனம்? 10 வருஷம் யாரும் கேட்காத பாலிஸிப் பணம் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடுகிறது. இன்று இரவே வீட்டுக்காரரைக் கேட்டுவிடுங்கள், சகோதரிகளே! கேட்க வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றும் இல்லை.