பொட்டக்காட்டுக்கும் ஒரு கும்பிடு

"தாராபுரம் வரைக்கும் பஸ்ல போயிட்டு, அங்கருந்து நடந்தா பத்தாதா? நடுவுல என்ன இருக்கு, வெறும் பொட்டக்காடு!"

தை மாசம் வந்தா நம்ம சேலம், நாமக்கல் பக்கம் பழனி பாதயாத்திரைப் பேச்சோட இந்தப் பேச்சும் சேர்ந்தே வரும். எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு கிடையாது மக்களே.

காவிரியைத் தாண்டி காங்கேயம், தாராபுரம்னு போகப் போக பச்சை குறையும். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை மறிச்சுக்கிற மழைமறைவுப் பகுதி அது. நமக்குத்தான் பொட்டக்காடு, அந்த ஊர்க்காரங்களுக்கு அது 'கொறங்காடு'. சுத்தியும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். மழை ஏமாத்தினாலும் காங்கேயம் மாட்டையும் செம்மறி ஆட்டையும் காப்பாத்துற மேய்ச்சல் நிலம்.

அமெரிக்காவுல பசிபிக் கிரெஸ்ட் டிரெயில்னு ஒரு நடைபாதை. மெக்சிகோ எல்லையிலருந்து கனடா எல்லை வரைக்கும் 2,650 மைல், அதாவது சுமார் 4,265 கி.மீ. தெற்கேருந்து கிளம்புறவங்களுக்கு முதல் 700 மைல் பெரும்பாலும் கலிஃபோர்னியாவோட வறண்ட பூமிதான். அது முடியிற இடம் கென்னடி மெடோஸ். அங்க இருக்கிற கடைத் திண்ணையில முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கிறவங்க, நடந்து வந்து சேர்ற ஒவ்வொருத்தருக்கும் கைதட்டுறாங்க. பாலைவனத்துக்கு விடை கொடுக்கிற மரியாதை அது. இதுக்கப்புறம்தான் சியரா நெவாடா பனிமலையே வருது. ஆக, கைதட்டு மலைக்கு இல்ல, தாண்டி வந்த 700 மைலுக்கு. பஸ்ல வந்து இறங்கினா யாரு தட்டுவா? :-)

கால் பழகுறதும், அடுத்த தண்ணி எவ்வளவு தூரம்னு கணக்குப் போடக் கத்துக்கிறதும் வறண்ட இடத்துலதான். எடப்பாடி பருவதராஜகுலக் காவடிக் கூட்டத்துக்கு பழனி மலை மேலயே ஒரு ராத்திரி தங்குற உரிமை இருக்கு. டன் கணக்குல பஞ்சாமிர்தம் செய்வாங்க. அந்த ராத்திரிக் காத்தோட அருமை, வெயிலைச் சுமந்து நடந்து வந்த முதுகுக்குத்தான் தெரியும்.

இன்னொரு கவலையும் இருக்கு. கொறங்காடு வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கிட்டே வருது. காங்கேயம் மாடும் கொறைஞ்சு போச்சு. பஸ் ஜன்னல்ல தூங்கிக்கிட்டே தாண்டினா, கிளுவை வேலி இருந்த இடத்துல மனைக்கல்லு நட்டிருக்கிறது கூட நம்ம கண்ணுல படாது. நாலு நாள் நடக்கிறவனுக்குத் தெரியும், போன வருஷம் நிழலுக்கு ஒதுங்கின வெள்வேல மரம் இந்த வருஷம் இருக்கா இல்லையான்னு.

சண்முகநதியில முங்கி எந்திரிச்சதும் எல்லாரும் மலையைப் பாத்துத்தான் கும்பிடுவாங்க. நல்லது. அப்படியே வந்த பக்கம் திரும்பி அந்தக் காட்டுக்கும் ஒரு கும்பிடு போடுங்கன்னுதான் சொல்றேன். தாகத்தையும் குடுத்து, பழனி வரைக்கும் கொண்டு வந்து விட்டது அதுதானே?