சோளக்கட்டைச் சுங்கான்: பழகத்தான் வேண்டுமா?

1945-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி.

ஜப்பானில் உள்ள அட்சுகி விமான நிலையத்தில் ஓர் அமெரிக்க விமானம் வந்து இறங்கியது. கதவு திறந்தது. தளபதி மெக்கார்தர் வெளியே வந்தார். போரில் தோற்ற ஜப்பானை நிர்வாகம் செய்ய வந்தவர் அவர்.

அந்தக் காட்சியைப் படம் பிடித்தார்கள். அந்தப் படத்தில் பளிச்சென்று தெரிவது எது தெரியுமா? அவர் வாயில் இருக்கும் சுங்கான்! 'பைப்' என்று சொல்லுகிறோமே, அதுதான்.

தங்கத்தில் செய்ததா? இல்லை. தந்தத்தில் செய்ததா? அதுவும் இல்லை. மக்காச்சோளக் கதிரில் மணியை உதிர்த்த பிறகு ஒரு கட்டை மிஞ்சும் அல்லவா? வேண்டாம் என்று வீசி எறிவோமே, அந்தக் கட்டையில் செய்த சுங்கான் அது!

இந்தச் சுங்கானுக்கு இன்றும் ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். "எதை வாங்குவது? எப்படிப் பழகுவது?" என்று கேட்கிறார்கள்.

அதைச் சொல்லுகிறேன். பழகலாமா, கூடாதா என்பதையும் சேர்த்துச் சொல்லுகிறேன்.

குப்பையில் பிறந்த தொழில்

அமெரிக்காவில் மிசௌரி என்று ஒரு மாநிலம். அங்கே மிசௌரி ஆற்றின் கரையில் ஒரு சிறிய ஊர். அதன் பெயர் வாஷிங்டன். (தலைநகரமான வாஷிங்டன் வேறு, இது வேறு.)

அந்த ஊரில் ஹென்றி டிப்பே என்பவர் இருந்தார். ஹாலந்து நாட்டில் இருந்து பிழைக்க வந்தவர். மரம் கடைவது அவர் தொழில்.

ஒரு விவசாயி அவரிடம் ஒரு சோளக்கட்டையைக் கொண்டு வந்தாராம். "இதைக் கடைந்து ஒரு சுங்கான் செய்து கொடுங்கள்" என்றாராம். டிப்பே செய்து கொடுத்தார். விவசாயிக்குப் பிடித்துவிட்டது. டிப்பே இன்னும் சில செய்து கடையில் வைத்தார். மளமளவென்று விற்றுப் போயின. இப்படி ஒரு கதை சொல்லுகிறார்கள்.

1869-ல் தொழில் தொடங்கியது. 1878-ல் டிப்பே தம் செய்முறைக்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார்.

பிறகு சுற்று வட்டாரத்தில் பல கம்பெனிகள் முளைத்தன. விவசாயிக்குக் கட்டைக்கும் காசு கிடைத்தது. ஊருக்கு வேலை கிடைத்தது. டிப்பே தொடங்கிய கம்பெனி இன்றும் நடக்கிறது.

குப்பையைக் காசாக்கிய இந்தச் சாமர்த்தியத்தை யாரும் பாராட்டத்தான் வேண்டும்.

எப்படிச் செய்கிறார்கள்?

எல்லாக் கட்டையும் சுங்கானுக்கு ஆகாது. கட்டை பருமனாக இருக்க வேண்டும். கெட்டியாக இருக்க வேண்டும். அதற்கென்றே தனி ரகச் சோளம் பயிர் செய்கிறார்கள்.

மணியை உதிர்த்ததும் கட்டையை நெடுநாள் உலரப் போடுகிறார்கள். பிறகு துண்டு போடுகிறார்கள். நடுவில் துளைத்துக் கிண்ணம் ஆக்குகிறார்கள். மேல்புறத்தைக் கடைகிறார்கள். கட்டையின் மேல் சிறு சிறு குழிகள் இருக்கும். அவற்றை வெள்ளைச் சாந்து பூசி அடைக்கிறார்கள். காய்ந்த பின் தேய்த்து, வார்னிஷ் கொடுத்து, மரக்குழலும் பிளாஸ்டிக் வாய்ப்பகுதியும் செருகுகிறார்கள். சுங்கான் தயார்!

எதை வாங்குவது?

பழகியவர்கள் சொல்லும் யோசனைகள் இவை:

கிண்ணத்தின் சுவர் நல்ல கனமாக இருக்க வேண்டும். மெல்லிய சுவர் சீக்கிரம் சுடும்; கருகி ஓட்டையும் விழும்.

அடியில் கெட்டி மரத்துண்டு வைத்த சுங்கான் அதிக நாள் உழைக்கும்.

குழல் நேராகவும் இருக்கும், வளைந்தும் இருக்கும். பல்லில் கடித்துக் கொண்டே வேலை செய்கிறவர்கள் வளைந்ததை விரும்புவார்கள். பல்லை அது அதிகம் இழுக்காது.

விலை மலிவு. 'பிரையர்' என்னும் மரவேரில் செய்த சுங்கானுக்குப் பல மடங்கு பணம் கொடுக்க வேண்டும். கட்டைச் சுங்கான் ஈரத்தை உறிஞ்சிக் கொள்ளும். அதனால் புகை அவ்வளவாகச் சுடாது. "முதல் முதல் பழகுகிறவனுக்கு இதுவே நல்லது" என்று கடைக்காரர்கள் சொல்லுவது இதனால்தான்.

எப்படிப் பிடிப்பது?

புகையிலையை மூன்று தடவையாக நிரப்ப வேண்டுமாம். அடியில் தளர்வாக, நடுவில் கொஞ்சம் அழுத்தி, மேலே இன்னும் சிறிது அழுத்தி.

தீக்குச்சியை ஒரே இடத்தில் காட்டக் கூடாது. சுற்றிலும் காட்ட வேண்டும். புகையிலை புடைத்து எழும். அதை மெல்ல அழுத்திவிட்டு, இரண்டாம் முறை பற்ற வைக்க வேண்டும்.

அவசரப்பட்டு இழுக்கக் கூடாது. இழுத்தால் நாக்கு எரியும். கிண்ணம் கையைச் சுட்டால் கீழே வைத்துவிட வேண்டும். புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. வெறும் வயிற்றில் பிடிக்கக் கூடாது. முடிந்ததும் பஞ்சு சுற்றிய கம்பியால் குழலைத் துடைக்க வேண்டும். ஒரு நாள் பிடித்தால் ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தால் ஒரு மாதத்தில் பழகிவிடுமாம்!

உடம்பு என்ன சொல்லுகிறது?

இந்த யோசனைகளை மறுபடியும் ஒரு முறை படித்துப் பாருங்கள். கூடாது, கூடாது, கூடாது என்றே வருகிறது. ஏன்?

முதல் நாள் சுங்கான் பிடிக்கிறவனுக்கு நாக்கு எரிகிறது. தலை சுற்றுகிறது. வாயில் எச்சில் ஊறுகிறது. வயிற்றைப் புரட்டுகிறது. புகையிலையில் 'நிக்கோட்டின்' என்று ஒரு விஷம் இருக்கிறது. அது உள்ளே போகும்போது உடம்பு போடுகிற கூச்சல்தான் இது. "வேண்டாம், வெளியே தள்ளு" என்கிறது உடம்பு.

"பழகுவது" என்றால் என்ன? அந்தக் கூச்சலை அடக்குவதுதான்.

"சைக்கிள் பழகும்போதும் விழத்தானே செய்கிறோம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சைக்கிள் பழகியவன் நினைத்த இடத்தில் இறங்கலாம். புகை பழகியவனுக்கு இறங்குவதுதான் கஷ்டம். இறங்க நினைத்தால் எரிச்சல் வருகிறது, தூக்கம் கெடுகிறது, மனம் திரும்பத் திரும்ப அதையே கேட்கிறது. சைக்கிள் நமக்கு அடங்குகிறது. புகைக்கு நாம் அடங்குகிறோம்!

"புகையை விழுங்குவதில்லையே!"

சுங்கான் பிடிக்கிறவர்கள் ஒரு சமாதானம் சொல்லுவார்கள். "நாங்கள் சிகரெட்காரர்களைப் போல் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயில் வாங்கி வெளியே விடுகிறோம்."

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நெஞ்சுக்குள் இழுக்காதவருக்கு, சிகரெட் பிடிக்கிறவரைவிட நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்புக் குறைவு. ஆனால் புகையே பிடிக்காதவரோடு ஒப்பிட்டால், அதிகம்தான்.

வாயில் நிறுத்தினாலும் நிக்கோட்டின் நிற்பதில்லை. சுங்கான் புகையில் காரத்தன்மை அதிகம். அதனால் வாயின் உள்தோல் வழியாகவே அது ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. புகை படுகிற உதடு, நாக்கு, தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகிய இடங்களில் எல்லாம் புற்றுநோய் வரலாம்.

1964-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி அமெரிக்க அரசின் தலைமை டாக்டர் ஓர் அறிக்கை வெளியிட்டார். சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று உலகத்துக்கே சொன்ன அறிக்கை அது. சுங்கானால் உதட்டில் புற்றுநோய் வருகிறது என்றும் அதே அறிக்கை சொன்னது.

ஒரு ஜனாதிபதியின் தொண்டை

டிப்பே தொழில் தொடங்கிய அதே 1869-ல் அமெரிக்காவின் ஜனாதிபதி ஆனவர் கிராண்ட். பெரிய போர் வீரர். ஓயாமல் சுருட்டுப் பிடிப்பவர். சுருட்டும் சுங்கானைப் போலத்தான். பெரும்பாலும் வாயோடு நிற்கிற புகை.

1884-ல் ஒரு நாள் ஒரு பழத்தைக் கடித்தார். தொண்டையில் சுரீர் என்று வலித்தது. தொண்டைப் புற்றுநோய்!

அப்போது அவர் கையில் பணமும் இல்லை. ஒரு கூட்டாளி மோசம் செய்ததில் எல்லாம் போய்விட்டது. மனைவி மக்கள் பட்டினி கிடக்கக் கூடாதே என்று தம் வரலாற்றை எழுத உட்கார்ந்தார். குரல் போயிற்று. பேச வேண்டியதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். வலியோடு எழுதி முடித்தார். முடித்த சில நாளில், 1885 ஜூலை 23-ந் தேதி, கண்ணை மூடினார்.

அந்தப் புத்தகத்தை வெளியிட்டவர் யார் தெரியுமா? எழுத்தாளர் மார்க் ட்வெயின். மிசௌரியில் பிறந்தவர். சோளக்கட்டைச் சுங்கான் என்றால் அவருக்கு உயிர்! கிராண்டின் குடும்பத்துக்கு 4 லட்சம் டாலருக்கு மேல் கிடைக்கச் செய்தார் அவர். நண்பர் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவர். பார்த்தும் அவரால் புகையை விட முடியவில்லை.

இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

84 வயது வரை இருந்தாரே?

"மெக்கார்தர் 84 வயது வரை வாழ்ந்தாரே! சுங்கான் என்ன செய்துவிட்டது?" என்பார்கள்.

சாலையைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவர்களில் ஒருவர் பிழைத்து வரலாம். அவர் வந்து கதை சொல்லுவார். அடிபட்டவர் வந்து சொல்லமாட்டார். பிழைத்தவரை மட்டும் பார்த்துப் பிள்ளையைச் சாலைக்கு அனுப்புவோமா?

பிள்ளைகள் பார்க்கிறார்கள்

1929-ல் அமெரிக்கப் பத்திரிகையில் பாப்பாய் என்ற மாலுமி வந்தான். கீரையைத் தின்பான், பலம் வந்துவிடும். அவன் வாயிலும் ஒரு சோளக்கட்டைச் சுங்கான்!

கீரையைத் தின்னச் சொன்னால் பிள்ளை முகத்தைச் சுளிக்கும். ஆனால் அப்பாவின் சுங்கானை எடுத்துக் கண்ணாடி முன் நின்று வாயில் வைத்துப் பார்க்கும். பிள்ளைகளுக்கு நாம் சொல்லுவது பாதிதான் காதில் விழும். நாம் செய்வது முழுக்கக் கண்ணில் விழும்.

இன்று அமெரிக்காவிலேயே 21 வயது ஆகாதவருக்குப் புகையிலை விற்கக் கூடாது. 2019-ல் அப்படிச் சட்டம் செய்தார்கள். சுங்கான் பிறந்த நாடே விழித்துக்கொண்டுவிட்டது.

முடிவாக...

சோளக்கட்டைச் சுங்கான் அழகான பொருள். அதைச் செய்த கைகளை வணங்கலாம். வாங்கி அலமாரியில் வைக்கலாம். குப்பையில் இருந்து ஒரு ஊரே பிழைத்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கட்டையை அரைத்து உலோகம் மெருகிடவும், கால்நடைக்குப் படுக்கையாகவும் பயன்படுத்துகிறார்கள். புகை இல்லாமலும் அந்தக் கட்டைக்கு வேலை இருக்கிறது!

ஆனால் அதில் புகையிலையை வைத்துப் பழக வேண்டாம் என்பதே என் கருத்து. மலிவான சுங்கான் என்று வாங்குவீர்கள். சுங்கானுக்கு ஒரு தடவைதான் பணம். புகையிலைக்கு வாரா வாரம் பணம். அதற்குப் பிறகு டாக்டருக்குப் பணம்.

முன்பே பழகியவர்கள் வெட்கப்பட வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள், விடுவதற்கு மருந்தும் உண்டு, வழியும் உண்டு. வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ இருந்தால் நாள் கடத்த வேண்டாம். நாளைக்கே போய்க் காட்டுங்கள்.

இன்னும் பழகாதவர்களுக்கு ஒரே வார்த்தை: முதல் நாள் உங்கள் உடம்பு "வேண்டாம்" என்று சொல்லும். அது சொல்வதைக் கேளுங்கள்.